நடந்து வருகிறவர்களுக்கு மட்டும்

கடையக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது நகங்களுக்கு வர்ணம் பூசுகிறார்கள். டுசல்டோர்ஃப் நகரத்துக்குப் போகும்போதெல்லாம் ட்ராமில் அந்த இடத்தைக் கடக்கிறேன். கடைசியாகப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகக்கடை பூட்டிக் கிடந்தது. நாலு தடச் சாலைக்கு அப்பால் பெற்றோல் நிலையம் திறந்திருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் பியர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் ட்ராமுக்குள்ளேயே சண்டையைத் தொடங்கியிருப்பார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது தொலைபேசி எடுத்து, "என்னத்துக்கு எழுதினனீ? விளங்கப்படுத்து" என்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அவருக்கு எதையும் விளங்கப்படுத்த என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

"விளங்கப்படுத்துங்கோ. விளங்கினால் செய்யிறன்." எல்லாரிடமும் அவர் இதைத்தான் சொல்வார். இனிப்பைக் குறைக்கச் சொன்ன வைத்தியரிடம் சொன்னார். வைத்தியர் படம் கீறி விளங்கப்படுத்தினார், அக்கா அன்றோடு தேநீருக்குச் சீனி போடுவதை நிறுத்தினார். ட்ராமில் ரிக்கற் பார்க்க வந்தவரிடம் சொன்னார். அவருக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை, இரண்டு தரிப்பிடம் வரை வாக்குவாதம் நடந்தது. கோயிலிலும் ஒருமுறை சொன்னார். அன்னதானத்துக்கு ஒரு மூடை அரிசி கொடுத்திருந்தார். உபயகாரர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தபோது இவர் பெயருக்குப் பதிலாக "ஒரு நலன்விரும்பி" என்று வாசித்தார்கள். சாராயம் விற்கிற பெண்ணின் பெயரைச் சுவாமிக்கு முன்னால் வாசிக்கக் கூடாது என்று கோயில் தலைவர் நினைத்திருக்கிறார்.

"மற்றவையின்ர பேரை வாசிச்சியள். என்ர பேரை வாசிக்காததுக்குக் காரணம் விளங்கப்படுத்துங்கோ" என்று அக்கா கேட்டார்.

"பிள்ளை, உங்களுக்கே தெரியும்தானே..."

"எனக்குத் தெரியாது. அதுதான் கேக்கிறன்."

தலைவர் வேட்டியைச் சரிசெய்தார். அக்கா மடைப்பள்ளிக்குள் போய்த் தன் அரிசி மூடையை இழுத்து வெளியே எடுத்து, ஒரு குழந்தை வண்டியை இரவல் வாங்கி அதில் ஏற்றி, ட்ராமில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். அந்த அரிசியைத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க நானும் தின்றேன்.

நான் அவரிடம் வந்து சேர்ந்ததில் பெரிய கதை எதுவும் இல்லை. மொஸ்கோவில் கொஞ்சக் காலம், போலந்து எல்லையில் ஒரு காட்டில் சில நாள், பிறகு ஜெர்மனியில் நாலைந்து நகரங்களின் உணவகச் சமையலறைகள். எங்கேயும் நான் நிலைத்து நின்றதில்லை. வேலை பிடிக்காவிட்டால் பையைத் தூக்குவேன், வேலை பிடித்தாலும் சில வேளை தூக்குவேன். டுசல்டோர்ஃபில் கோப்பை கழுவிய உணவகம் மூடப்பட்டபோது தங்க இடம் இல்லை. யாரோ கடையக்காவிடம் அனுப்பினார்கள். கடைக்குப் பின்னால் பியர்ப் பெட்டிகள் அடுக்கிய அறையில் ஒரு மெத்தை போட்டுத் தந்தார். அதற்கு முன்னால் நான் படுத்த இடங்களோடு பார்த்தால் நல்ல இடம். சூடாக்கி வேலை செய்தது. விடியத் தெரு கூட்டிப் பெட்டிகள் தூக்கிக் கொடுத்தால் போதும், சோறு கிடைத்தது.

அக்கா குட்டையானவர். கம்பளித் தொப்பி, ஆண்கள் போடும் தடித்த சட்டை, காலுறைக்கு மேலே ரப்பர்ச் செருப்பு. நாற்காலியில் இருக்க மாட்டார், கவிழ்த்து வைத்த பியர்ப் பெட்டியின் மேல் ஒரு தலையணையைப் போட்டு அதில்தான் இருப்பார். தன் வாழ்நாளில் ஒரு துளி குடித்ததில்லை. ஆனால் வாடிக்கையாளர்களுக்குப் போத்தலை எடுத்துக் கொடுக்கும்போது தோளில் கிடக்கும் துணியால் அதை ஈரம் போகத் துடைத்துத்தான் கொடுப்பார். குளிர்ப்பெட்டியிலிருந்து வந்த போத்தல் வியர்க்கும், நடந்து போகிறவனின் கையிலிருந்து நழுவும் என்பார். அவர் கடையில் வாங்கிய போத்தல் யார் கையிலிருந்தும் நழுவி நான் கண்டதில்லை.

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது. ரொட்டி, பாண், பூ, பத்திரிகை விற்கிறவர்கள் மட்டும் காலையில் சில மணி நேரம் திறக்கலாம். அப்போதும் மதுவைத் தொடக் கூடாது. பெற்றோல் நிலையம் நாள் முழுக்கத் திறக்கலாம், பயணம் போகிறவர்களுக்குத் தேவையானதை விற்கலாம். பயணத்துக்குத் தேவையானவற்றில் பியரும் ஒன்று. சட்டப் புத்தகத்தில் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அக்கா விளங்கிக்கொண்டது இப்படி:

"கார் ஓட்டிறவனுக்குக் குடிக்கக் குடுக்கலாமாம். நடந்து வாறவனுக்குக் குடுக்கக் கூடாதாம். தம்பி, உதில எவன் குடிச்சால் ஆபத்து? நடக்கிறவன் விழுந்தால் தான் மட்டும்தான் விழுவான். கார்க்காரன் விழுந்தால் ஆரையெல்லாம் விழுத்துவான்?"

ஆகவே அவர் தனக்கென்று ஒரு சட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் பியரும் வைனும் விற்கப்படும். நடந்து வருகிறவர்களுக்கு மட்டும்.

சட்டத்துக்கு மதிப்புக் கொடுக்கிற மாதிரி ஒரு காரியமும் செய்தார். ஞாயிறு காலை கடை திறந்ததும் மதுப்போத்தல் தட்டுகளுக்கு முன்னால் ஒரு பழைய மாம்பழ மஞ்சள் நைலெக்ஸ் சேலையைக் கவ்விகளால் தொங்கவிடுவார். முன்னால் பாணும் பத்திரிகையும் இருக்கும். யாராவது நடந்து வந்து கேட்டால், சேலைக்குள் கை போகும், போத்தல் வரும். எங்கள் ஆட்கள் சிலர் தெருவிலிருந்தே, "அக்கா, திரை எப்ப விலகும்? தீபாராதனை பார்க்க நிக்கிறம்" என்று பகிடி விடுவார்கள். "பக்தி இருந்தால் விலகும். கார் எங்க விட்டிருக்கிறாய்?" என்பார் அக்கா. பகிடி விட்டவன் திரும்பி நடப்பான். அவன் காரைப் பக்கத்துத் தெருவில் விட்டிருப்பான் என்பது அவருக்குத் தெரியும். சாவிக்கொத்து பையில் கிலுங்குகிற சத்தத்தைக் கேட்டே பிடித்துவிடுவார்.

கிழமை நாட்களில் யாருக்கு வேண்டுமானாலும் விற்பார். ஆனால் கிழமை நாட்களில் யார் வருகிறார்கள்? மூன்று கட்டடம் தள்ளி மலிவு விலைப் பெரிய கடை ஒன்று இருந்தது. அது பூட்டியிருக்கும் ஞாயிறுதான் அக்காவின் கடைக்கு உயிர். ஞாயிறு இல்லாவிட்டால் கடை இல்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கும் அந்தச் சட்டம் விலக்கு அளிக்கவில்லை. ஒரு ஞாயிறு, நண்பன் ஒருவனின் வீடு மாற்ற உதவிவிட்டு அவனுடைய வான் வண்டியைக் கடைவாசலில் நிறுத்தி இறங்கினேன். தோள் இரண்டும் கழன்றுவிழுவது போல வலி. "அக்கா, ஒரு பியர்" என்றேன்.

"வானைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு நடந்து வா."

"அக்கா, நான் இஞ்சதான் படுக்கிறன்! பின்னுக்குப் போய்ப் படுக்கப் போறன்!"

"வான் வாசலில நிக்குது. வான் நிக்கிற வரைக்கும் நீ கார்க்காரன்."

நகரத்தின் மறுபக்கத்துக்கு ஓட்டிப் போய் வானைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து திட்டித் திட்டி நடந்து வந்தேன். போத்தலைத் துடைத்துத் தந்தார். கூடவே ஒரு தட்டில் கடலை வடையும் தந்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அவருடைய சட்டம் எப்போதும் நியாயமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிறு மருத்துவமனையில் வேலை முடித்து வந்த ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி காரிலிருந்து இறங்கி ஒரு வைன் போத்தல் கேட்டாள். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள். வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன் என்றாள். அக்கா மறுத்துவிட்டார். அந்தப் பெண் காரை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கப் பெற்றோல் நிலையத்துக்குப் போனதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

"குடுத்திருக்கலாம் அக்கா."

"குடுத்திருக்கலாம்தான்" என்றார். கொஞ்ச நேரம் துணியை மடித்தார், விரித்தார். "அவளுக்குக் குடுத்தால் அடுத்தவனுக்கு என்ன சொல்லி இல்லையெண்ணிறது? நீ சொல்லு பாப்பம்."

ஆனால் அன்று முழுக்க அவர் பெற்றோல் நிலையப் பக்கம் பார்க்கவில்லை.

கோயில் தலைவர் மேலும் இந்தச் சட்டம் ஒருநாள் பாய்ந்தது. பக்கத்து மண்டபத்தில் அவருடைய பேத்திக்குப் பூப்புனித நீராட்டு விழா. நாலு நாட்டிலிருந்து சொந்தக்காரர். படப்பிடிப்புக்கு மேலே பறக்கிற கமெரா, பூப்பல்லக்கு, ஏழு வகைக் கறி. எல்லாவற்றையும் யோசித்தவர்கள் அது ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் யோசிக்கவில்லை. லண்டனிலிருந்து வந்தவர்களுக்கு ஜெர்மனியில் ஞாயிறு கடை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பின்னேரம் ஆவதற்குள் குடிக்கிற மேசைகள் காய்ந்துவிட்டன. பட்டு வேட்டியோடு தலைவர் பென்ஸில் வந்து இறங்கினார்.

"தங்கச்சி, ஒரு பத்துப் பெட்டி தாரும். விஸ்கி இருந்தால் அதையும் தாரும். மானத்தைக் காப்பாத்தும்."

தங்கச்சி என்று அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை.

"தாறன் அண்ணை. மண்டபத்தில காரை விட்டிட்டு நடந்து வாங்கோ."

"பத்துப் பெட்டியை நடந்தே கொண்டுபோறது?"

"உங்கட சொந்தக்காரர் கனபேர் வந்திருக்கினமாம். ஆளுக்கொரு பெட்டி. ஊர்வலமா வாங்கோவன். மேளகாரரையும் கூட்டிவந்தால் வடிவாயிருக்கும்."

தலைவர் முகம் கறுத்தது. சாலையைக் கடந்து பெற்றோல் நிலையத்தில் இருந்ததை எல்லாம் இரண்டு மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பத்துப் பெட்டி விற்றிருந்தால் ஒரு மாதக் கடை வாடகை வந்திருக்கும். அதை நான் சொன்னபோது அக்கா, "சொல்லாதை தம்பி, வயிறு எரியுது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதற்குச் சில கிழமைகள் கழித்துத்தான் நகராட்சியின் ஒழுங்குப் பிரிவிலிருந்து ஆள் வந்தது. தலைவர் சொல்லித்தான் வந்தார்கள் என்று ஊர் பேசியது. அக்கா அதைக் காதில் போடவில்லை. "ஆர் சொன்னால் என்ன? நான் ஒளிச்சே விக்கிறன்?" என்றார். மஞ்சள் சேலைக்குப் பின்னால் இருந்து விற்கிற ஒருவர் அப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வந்தவர் செந்தாடி வைத்த நடுவயது அலுவலர். சீருடையைக் கண்டால் என் கால்கள் தாமாகவே பின்கதவைத் தேடும். அப்போது என் கையில் இருந்தது சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வதிவிடத் தாள். நான் பியர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் டொச்சுக்கு, அதுதான் ஜெர்மன் மொழிக்கு, இலக்கணம் கிடையாது. ஆனால் தயக்கமும் கிடையாது. அவர் டொச்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவர் வாயிலிருந்து எந்த மொழி வந்தாலும் எனக்கு அப்படித்தான் கேட்கும்.

"இந்தத் துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்று செந்தாடிக்காரர் கேட்டார்.

"போத்தல்."

"ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஏனெண்டு தெரியாது. விளங்கப்படுத்துங்கோ, விளங்கினால் பூட்டுறன்."

அவர் நல்ல மனிதர். உண்மையாகவே விளங்கப்படுத்த முயன்றார். இந்தச் சட்டம் மதுவுக்கு எதிரானது அல்ல, வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதற்காகத்தான் என்றார். இல்லாவிட்டால் பெரிய கடைகள் ஞாயிறும் திறக்கும், அங்கே காசு வாங்கும் மேசையில் இருக்கிற பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு ஒரு நாள்கூட இருக்க முடியாது என்றார்.

அக்கா கவனமாகக் கேட்டார். "அது சரியான கதை" என்றார். அவர் ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம். "பெரிய கடையைப் பூட்டத்தான் வேணும். நான் கிளீனிங் செய்த காலத்தில எனக்கு ஞாயிறு கிடைச்சதும் அதாலதான். ஆனால் இந்தக் கடையில வேலை செய்யிறது நான். முதலாளியும் நான். எனக்கு லீவு வேண்டாமெண்டு நான் என்னட்டைச் சொல்லியிட்டன். நானும் சரியெண்டிட்டன்."

செந்தாடிக்காரர் தாடிக்குள் சிரித்தார்.

"அங்க பாருங்கோ" என்று அக்கா சாலைக்கு அப்பால் காட்டினார். "அங்க நிக்கிறது ஒரு மாணவப் பெடியன். அவனுக்கு ஓய்வு வேண்டாமோ?"

"அது பயணிகளுக்கான ஏற்பாடு."

"என்னட்டை வாறவையும் பயணிகள்தான். காலால வருகினம்."

அபராதம் வந்தது. கட்டினார். அடுத்த ஞாயிறும் திறந்தார். மறுபடி வந்தார்கள், மறுபடி அபராதம். உள்ளே இருந்து குடிக்கிற கடை நடத்தும் அனுமதி எடுத்தால் ஞாயிறும் விற்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு வாடிக்கையாளர்களுக்குக் கழிப்பறை வேண்டும், கட்டடக்காரர் இடம் தர மறுத்துவிட்டார். வசந்தம் வந்தபோது செந்தாடிக்காரர் வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: இன்னொரு ஞாயிறு விற்பனை நடந்தால் விஷயம் தன் கையை விட்டுப் போய்விடும், கடை நடத்துகிற உரிமையையே எடுத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு தான் பார்க்க வருவதாகவும் சொன்னார். பார்க்க வருகிறேன் என்று ஒரு அலுவலர் முன்கூட்டியே சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று பூட்டு என்று அர்த்தம்.

கோயில் தலைவரே வந்து அதைச் சொன்னார். மண்டபக் கோபம் ஆறியிருந்தது போல. "பிள்ளை, ஒரே ஒரு ஞாயிறு. வந்து பார்ப்பான், பூட்டியிருக்கும், எழுதிக்கொண்டு போவான். பிறகு உங்கட பாட்டில நடத்துங்கோ. நாங்கள் வந்த நாட்டில வளைஞ்சு நெளிஞ்சுதானே இவ்வளவு காலமும் இருக்கிறம்."

"நீங்கள் வளைஞ்சதை நான் குறையெண்டு சொல்லேல்லை அண்ணை. எனக்கு ஏலாது."

"பிடிவாதம்."

"அந்த ஒரு நாள் பூட்டினால் இவ்வளவு நாளும் நான் செய்தது களவெண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி."

பீலெஃபெல்ட் என்ற ஊரில் இருக்கிற அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அக்கா தொலைபேசியைக் கல்லாவின் மேல் வைத்து ஒலியைக் கூட்டிவிட்டுப் பாண் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பூட்டுங்கோ அம்மா. ப்ளீஸ். கடை போனால் என்ன செய்வீங்கள்?"

"உன்னட்டை வாறன்."

"வாங்கோ, சந்தோசம். அப்ப இப்பவே பூட்டிட்டு வாங்கோவன்."

"அவங்கள் பூட்டினால் வாறன். நானாப் பூட்டிட்டு வரமாட்டன்."

மறுமுனையில் மகள் அழுதாளா, சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா, "ஒழுங்காச் சாப்பிடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

அந்த ஞாயிறு காலை வழக்கம்போலக் கடையைத் திறந்தோம். நான் சேலையை எடுத்தேன். "அது வேண்டாம்" என்றார். தட்டுகள் திறந்தபடி கிடந்தன. போத்தல்களின் முகத்தை எல்லாம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"தம்பி, இண்டைக்கு இது விக்கிறேல்லை. சும்மா குடுக்கப் போறன். விக்கக் கூடாதெண்டுதானே சட்டம்? குடுக்கக் கூடாதெண்டு எங்கயும் இல்லை."

"கையில இருக்கிறதெல்லாம் போயிடும் அக்கா."

"ஒரு நாள் போனால் போகட்டும். நான் திறந்திருக்கிறன். அவர் வந்து பார்க்கட்டும்."

செந்தாடிக்காரர் வந்தார். திறந்த கதவைக் கண்டு முகம் வாடியது. அக்கா விளங்கப்படுத்தினார். செந்தாடிக்காரர் வெளியே போய் யாரோடோ தொலைபேசியில் பேசினார், திரும்பி வந்து, "கொடுப்பது விற்பனை ஆகாது" என்றார். "நான் இங்கே நின்று பார்க்கலாமா?"

"பார்க்கத்தானே வந்தனீங்கள். நில்லுங்கோ. கோப்பி தரட்டே?"

அவர் பத்திரிகைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தெருவுக்குச் செய்தி போக நேரம் எடுக்கவில்லை. துருக்கியர், போலந்துக்காரர், டொச்சுக்காரர், எங்கள் பெடியள் எல்லாரும் நடந்து வந்தார்கள். அக்கா பாணுக்கும் பத்திரிகைக்கும் காசு வாங்கினார், போத்தலுக்குக் காசு நீட்டிய கைகளைத் தள்ளிவிட்டார். ஒவ்வொரு போத்தலையும் துடைத்துத்தான் கொடுத்தார். வரிசை நடைபாதை முழுக்க நீண்டது. சிரிப்பும் பகிடியுமாகத் தெரு திருவிழாப் போல இருந்தது. செந்தாடிக்காரர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம், "உங்கள் முதலாளி கெட்டிக்காரி" என்றார். சீருடை போட்ட ஒருவரின் பக்கத்தில் நான் பயப்படாமல் நின்றது அன்றுதான். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது தொப்பிக்காரக் கிழவர் வந்தார். ஓய்வு பெற்ற ட்ராம் ஓட்டுநர், தனியாக இருப்பவர். கால் சரியில்லை, சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு கறுப்புப் பியர். காசை வீட்டிலேயே எண்ணி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு வருவார். வரிசையில் பொறுமையாக நின்று, முறை வந்ததும் கையைத் திறந்து நீட்டினார்.

"இண்டைக்குக் காசு வேண்டாம். என்ர பரிசு" என்றார் அக்கா.

கிழவர் கையை மடக்கவில்லை. "எனக்குப் பரிசு வேண்டாம், முதலாளியம்மா. ஒரு பியர் வேண்டும்."

"இண்டைக்கு மட்டும். எல்லாரும் வாங்கிச்சினம், பாருங்கோ."

"எல்லாரும் வாங்கட்டும். நான் வாழ்நாள் முழுக்க உழைத்தவன். யாரிடமும் எதையும் சும்மா வாங்கியதில்லை. விற்பதாக இருந்தால் விற்றுத் தாருங்கள். இல்லாவிட்டால் பரவாயில்லை." அவர் கோபப்படவில்லை. நடைவண்டியைத் திருப்பத் தொடங்கினார். வண்டியின் முன்சக்கரம் பெற்றோல் நிலையத்துக்குப் போகும் நாலு தடச் சாலைப் பக்கம் திரும்பியது. அங்கே கடப்பதற்கு விளக்குக்கூட இல்லை.

செந்தாடிக்காரர் முன்னால் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஐயா ஒரு பத்திரிகை வாங்கட்டும். அதற்குக் காசு வாங்குங்கள். பியரைச் சும்மா கொடுங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை."

"எனக்குப் பத்திரிகை வேண்டாம்" என்றார் கிழவர்.

நான் தமிழில் கெஞ்சினேன். "அக்கா, பேப்பரைக் கையில குடுங்கோ. காசை வாங்குங்கோ. முடிஞ்சுது. உவரே வழி காட்டுறார், கேளுங்கோ அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது. அதற்கு முன்னால் நான் அதை ஒருநாளும் கண்டதில்லை. "உனக்கு விளங்கேல்லையே தம்பி? அந்த மனுசன் பேப்பர் வாங்க வரேல்லை. பியர் வாங்க வந்திருக்குது."

பிறகு அவர் கையை நீட்டிக் கிழவரின் உள்ளங்கையிலிருந்து காசை எடுத்தார். கல்லாவைத் திறந்து உள்ளே போட்டார். கறுப்புப் பியர் ஒன்றை எடுத்து, அடியிலிருந்து கழுத்து வரை துடைத்து, நடைவண்டியின் கூடைக்குள் சாயாமல் வைத்தார். கிழவர் தொப்பியைத் தொட்டுவிட்டு வீட்டுப் பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

செந்தாடிக்காரர் கல்லாவைப் பார்த்தார். "இது விற்பனை" என்றார். கேள்வி கேட்பது போலத்தான் இருந்தது அவர் குரல்.

"ஓம். விற்பனைதான். எழுதுங்கோ."

அவர் பேனாவை எடுத்து எழுதினார். அக்கா தோளில் கிடந்த துணியை உதறிப் போட்டுக்கொண்டு வரிசையைப் பார்த்து, "அடுத்தது ஆர்?" என்று கேட்டார். அதுவரை சும்மா வாங்குவதற்காக நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பைகளுக்குள் கையை விட்டுக் காசைத் தேடத் தொடங்கினார்கள்.